நிழலின் புல எண்

கம்பம் நிற்பது தீர்த்தகிரி காட்டில்.
நிழல் விழுவது என் காட்டில்.
மூன்று மணிக்கு மேல், மேற்கே வெயில் இறங்க இறங்க
வேலியைக் கேட்காமல், வரப்பைக் கேட்காமல்
மூன்று கைகளாய் உள்ளே வருகிறது.
மாடு ஓரத்திலேயே நின்றுவிடும்.
ஒரு கை போய் மறுகை வருமுன்
ஒரே ஓட்டமாய்த் தாண்டப் பார்க்கும்,
முடியாது, திரும்பும்.
அடிக்காத கை அது என்று
மாட்டுக்கு யார் சொல்வது.

நல்லம்பள்ளி கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள்.
முந்தின நாள் ஜோடியின் தெர்மாகோல் பெயர்
மேடையில் பாதி பிய்ந்து தொங்கியது.
அதன் கீழே நின்று அதிகாரி சொன்னார்:
இத்தனை மெகாவாட், இத்தனை ஆண்டுக்குள்,
நிலக்கரி குறையும், மாநிலம் முன்னால் நிற்கும்.
பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.
"யூனிட் என்ன விலைக்கு வாங்குறீங்க,
என்ன விலைக்கு விக்கிறீங்க?"
கை தட்டினோம்.
பதில் எண்களாக வந்தது.
எண்கள் தீருமுன் டீ வந்தது.

என் முறை.
"பேர்?"
"மாதேஸ்வரி."
"புல எண்?"
"என்னுதா, நிழலோடதா?"
சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.
கம்பத்துக்கு ஆண்டுக் குத்தகை உண்டு,
கேபிள் புதைத்த பள்ளத்துக்குப் பணம் உண்டு,
இறக்கை ஏற்றிய லாரி திரும்புவதற்கு
வெட்டிய புளியமரத்துக்குக்கூட
பஞ்சாயத்தில் ரசீது போட்டார்கள்.
நிழலுக்குப் பட்டா கிடையாது என்றார் சர்வேயர்.
கம்பெனி ஆள் மைக்கைப் பொத்திக்கொண்டு
என் பக்கம் குனிந்தார்:
"காற்றுள்ளபோதே தூற்றிக்கணும்மா."

வேண்டாம் என்று எழுதச் சொன்னேன்.
சொல்லும்போதே உறுத்தியது.
ஆயிரத்து நூறு அடியில் கிடக்கிறது என் தண்ணீர்.
மும்முனை கரண்ட் வரும் நேரம் பார்த்து
நடுராத்திரி டார்ச்சோடு ஓடுகிறவள் நான்.
அந்த மோட்டாருக்கு நான் கட்டும் பில் பூஜ்யம்.
எங்கோ, எவள் காட்டிலோ சாம்பல் படியத்தான்
என் கேழ்வரகு இங்கே பால் பிடிக்கிறது.
படிவத்தில் இதற்கு இடமில்லை.
'காரணம்' என்ற கோட்டில்
மாடு மிரளுகிறது என்று
எழுதிக்கொண்டாள் அந்தப் பெண்.

ஆனி கடைசி.
தொப்பூர்ப் பக்கமிருந்து முறுக்கிக்கொண்டு வந்தது காற்று.
களத்துத் தார்ப்பாய் பறந்து தென்னையில் மாட்டியது.
அன்றைக்குப் பார்த்து
கைகள் மூன்றும் அசையாமல் நின்றன.
பழுதா என்று கேட்டேன்.
"இல்லக்கா, நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு.
கரண்ட் மிச்சமாயிருச்சாம்" என்றான் வாட்ச்மேன்.
அவன் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது
என் வீட்டு மாடக்குழியில்.

முறத்தை எடுத்தேன்.
யாருக்கும் வேண்டாத காற்று அத்தனையும்
என் களத்தில் இறங்கியது.
தலைக்குமேல் தூக்கிச் சரித்தேன்,
மணி காலடியில் விழ
உமி பறந்து கிழக்கே போயிற்று.
தூற்றுகிறோம் என்றுதானே
எங்களைப் பேப்பரில் போட்டார்கள்.

தீர்த்தகிரி வேலியருகே வந்து நின்றான்.
கூட்டத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசியதில்லை.
"நிக்கிற நாளுக்கும் குத்தகை தருவாங்களாக்கா?"
எனக்கென்ன தெரியும்.
"இன்னொரு முறம் இருக்கா?
என்னுதும் தூற்றாமக் கெடக்குது."
இருந்தது. ஓரம் கிழிந்தது. கொடுத்தேன்.

நாலு மணிக்கு நிழல் வந்தது.
ஒரே ஒரு கை, சுற்றாமல்,
குவியலைத் தாண்டி நீண்டு படுத்தது.
மாடு வந்து முகர்ந்தது.
வெகுநேரம் முகர்ந்தது.
பிறகு அதன்மேலேயே
படுத்து அசை போட்டது.