இன்னும் பிறக்காத சான்றிதழ்

அத்-பாஷி கால்நடைச் சந்தையில்
ஞாயிறு விடிவதற்கு முன்பே ஆடுகளின் மூச்சு வெளுத்துவிடும்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு கணினி,
கையுறையில் இரண்டு விரல்களை வெட்டிவிட்டுத்
தட்டச்சு செய்யும் கால்நடை மருத்துவர் நான்.

என் தொழிலில் பாதி ஊசி, மீதி சான்றிதழ்.
இந்தக் காதுவில்லை இந்தக் காதுக்குத்தான்,
இந்தத் தடுப்பூசி இந்தத் தேதிவரைதான்,
கீழே என் கையெழுத்து.
என் கையெழுத்துக்கு நரீன் அலுவலகம் பொறுப்பு,
நரீனுக்குத் தலைநகர்.
தலைநகருக்கு யார் என்று
இதுவரை எந்த ஆட்டுக்காரரும் கேட்டதில்லை.

இரவெல்லாம் போயிருந்த மின்சாரம் ஒருவழியாக வந்தது.
அமைச்சகத்தின் தளத்தைத் திறந்தேன்.
'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல.
உங்கள் தகவல்களை யாரேனும் திருட முயலலாம்.'
நேற்றுவரை சிறு பூட்டு தொங்கிய இடத்தில்
சிவப்பு முக்கோணம்.

"அழுத்துங்க டாக்டர்" என்றார் மெதெர்பெக்,
கிடாவின் கொம்பைப் பிடித்தபடி.
அடியில், பொடியெழுத்தில், இருந்தது அந்தச் சந்து:
'ஆபத்தை ஏற்றுத் தொடர்க.'
"எங்க பையன் தினமும் அதைத்தான் அழுத்துறான்."
வரிசை ஆமோதித்தது. கிடா மட்டும் கருத்துச் சொல்லவில்லை.

விடிந்ததும் முதலில் வந்தவரைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.
அட்டையில் ஊசியின் கெடு மூன்றே நாள் தாண்டியிருந்தது.
"மூணு நாள்ல ஆடு ஓநாயாயிடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.
ஆகாது.
ஆனால் மூன்றை விட்டால்
முப்பதை எந்த முகத்தோடு மறுப்பேன்?

முழு விவரத்தை விரித்தேன்.
வழங்கியவர் சரி. பெயர் எழுத்துக்கு எழுத்து சரி.
அப்புறம் ஒரு வரி:
'இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.'
காலாவதியாகவில்லை. பிறக்கவே இல்லையாம்.

கண் அப்போதுதான் திரையின் மூலைக்குப் போனது.
இரண்டாயிரத்துப் பதினொன்று, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம்.
கணினியின் வயிற்றுக்குள் ஒரு வில்லை பேட்டரி
குளிரில் செத்திருந்தது.
விழித்த இயந்திரம் தனக்குத் தெரிந்த முதல் நாளிலிருந்து
மறுபடி எண்ணத் தொடங்கிவிட்டது.

பொய் சொல்லவில்லை அது.
கையில் கிடைத்த நாட்காட்டியை நம்பிக்
கண்டிப்பாக இருந்தது,
என்னைப் போல.

"அந்த வருஷம் எனக்குக் கடனே கிடையாது,
அங்கேயே விட்டுடுங்க" என்றார் மெதெர்பெக்.
கொட்டகை சிரித்தது.
வரிசையிலிருந்த உல்ஜான் தன் கார்ச்சாவியைப் பிளந்து
நாணயம் போன்ற வில்லையை எடுத்து நீட்டினாள்.
"கதவைக் கையால திறந்துக்கறேன்."
தேதியைத் திருத்தினேன்.
இத்தனை வருடங்களும் ஒரே தட்டலில் வந்து சேர்ந்தன.
பூட்டு திரும்பியது.

பூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
போன இலையுதிர்காலத்தில் குதிரை விற்பதாக ஒரு தளம்,
சுத்தமான பூட்டுடன்,
சூயுன்பாயிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தது.
அந்தப் பூட்டும் பொய்யில்லை.
வழியில் எவரும் ஒட்டுக்கேட்கவில்லை;
அவருக்கும் திருடனுக்கும் நடுவே
அப்படியொரு அந்தரங்கம்.

ஆகவே கிடாவின் காதுவில்லையைத் துடைத்து
எண்ணை என் கண்ணால் ஒருமுறை படித்துவிட்டுத்தான்
அச்சடித்தேன்.

வெளியே, மூன்று நாள் தாண்டியவர்
லாரியின் மறைவில் இன்னும் நின்றிருந்தார்.
ஊசிப் பெட்டியோடு போனேன்.
பழைய தேதியைத் தொட முடியாது,
புதிதாய் ஒன்றைத் தொடங்கலாம்.
"இருபத்தோரு நாள் கழிச்சுக் கொண்டு வாங்க."
அவர் கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:
"அதுவரைக்கும் இது ஆடுதானே?"
ஆடுதான் என்றேன்.
எழுதித் தரச் சொன்னார்.