ஏழாம் எண் ஸ்டவ்

காரகோலில் ஆகஸ்ட் முடிகிற வாரம்.
வாடகைக்குப் போன கூடாரங்கள்
ஒவ்வொன்றாய் ஈரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தன.
ஏழாம் எண் ஸ்டவ்வை மேஜைமேல் வைத்தாள் போக்னா.
வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தது.
பம்ப்பின் கழுத்தில் நெடுக விரிசல்.
பெட்ரோல் புட்டியின் இடுப்பில்
கட்டைவிரல் பதியுமளவு ஒடுக்கு.
விழுந்துவிட்டதா என்றேன்.
இல்லை, எறிந்தேன் என்றாள்.
அவளுடைய ரஷ்யன் அரைகுறை,
என்னுடையது பள்ளிக்கூடத்தோடு நின்றது.
அந்த ஒரு வினைச்சொல் மட்டும்
இரண்டு பேருக்கும் சுத்தமாகத் தெரிந்திருந்தது.

கணவாய்க்குக் கீழே. பனி. இருட்டுகிற நேரம்.
முப்பது தீக்குச்சி கிழித்தார்களாம்.
மஞ்சளாய் ஒரு நாக்கை நீட்டும், அணையும்.
ரொட்டி இருக்கிறது, விடிந்ததும் ஏறிவிடலாம் என்றான் ரடெக்.
குடிக்கத் தண்ணீர்? பனியை எதில் உருக்குவது? என்றாள் இவள்.
கோழை என்கிற மாதிரி
போலிஷ் மொழியில் ஏதோ சொன்னான்.
அதற்கப்புறம்தான் பாறை.
பிறகு இரண்டு நாள் இறக்கம், பேச்சில்லாமல்.
அவன் நேற்றே பிஷ்கெக் பஸ் ஏறிவிட்டான்.

முதலாளி குபானிச்சின் விதி சுவரில் ஒட்டியிருக்கிறது:
பழுது என்றால் பாகத்தின் விலை.
தேறாது என்றால் புதுசின் விலை, பதினாலாயிரம் சோம்.
முன்பணம் பத்தாயிரம் போக மீதியைக் கேட்டு வாங்கு.
நான் பார்த்தவரை எல்லோரும்
சின்னப் பழுதுதான், சின்னப் பழுதுதான் என்று மன்றாடுவார்கள்.
இவள் பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு
"இது செத்துப்போச்சு, இல்லையா" என்கிறாள்.
"புதுசு எவ்வளவு?"

பார்த்துச் சொல்கிறேன் என்று
கொல்லைப்பக்கம் எடுத்துப்போனேன்.
நாலாம் எண்ணின் பம்ப்பைக் கழற்றி இதற்கு மாட்டினேன்.
குறடு போட்டு இழுத்ததில் கால்
முக்கால்வாசி நிமிர்ந்தது.
இருபது தடவை பம்ப் அடித்தேன். தீக்குச்சி.
மஞ்சள் நாக்கு. அணைந்தது.
அவள் சொன்னதில் பொய்யில்லை.

நாசிலில் கரி. எங்கள் ஊர் பெட்ரோல் அப்படி.
அதற்கென்றே ஒரு பின் கொடுத்துவிடுவோம்,
தலைமுடிக் கனத்தில் கம்பி, தகரப் பிடி.
பையின் உட்பாக்கெட்டில் இருந்தது,
ஜூனில் நான் போட்ட முடிச்சு
அவிழாமல்.
இவர்களுக்கு எடுத்துக் காட்டினேனா?
அன்றைக்குக் கடையில் கூட்டம்.
காட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு குத்து. ஒரு ஊதல்.
நீலம்.
லோடு லாரி மேடேறுகிற சத்தத்தோடு
நின்று எரிந்தது, வளையம் முழுக்க.
சுவருக்கு அப்பால் கேட்டிருக்குமோ என்று
வால்வை அவசரமாகத் திருகினேன்.
விரலில் சூடு பட்டதுதான் மிச்சம்.

திரும்பி வந்தபோது
அவள் உட்காரக்கூட இல்லை.
"அங்கே எரிந்திருக்குமா?"

பதினாலாயிரம் என்று சொல்லியிருக்கலாம்.
அந்தப் பணத்துக்கு ஒரு தூக்கம் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.
குபானிச்சும் சந்தோஷப்படுவார்.
ஆனால் நன்றாக எரிகிற ஸ்டவ்வைச்
செத்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.
"பம்ப் உடைந்திருக்கிறதே, எப்படி எரியும்" என்றேன்.
உண்மைதான்.
எது முதலில் நடந்தது, எது பிறகு என்பதை மட்டும்
விட்டுவிட்டேன்.

பம்ப்புக்கு இரண்டாயிரத்து இருநூறு, காலுக்கு நூறு.
மீதி ஏழாயிரத்து எழுநூறை எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.
வாசல்வரை போய்
என் விரலைப் பார்த்த மாதிரி இருந்தது.
எதுவும் கேட்கவில்லை.

கடையடைத்த பிறகு ஏழாம் எண்ணை அதன் கொக்கியில் மாட்டினேன்.
பின்னை உட்பாக்கெட்டிலிருந்து எடுத்து
சிவப்பு நூலில் கோத்து
புட்டியின் கழுத்தில் கட்டினேன், வெளியே தெரிகிற மாதிரி.
பிறகு ஆறாம் எண்ணுக்கும், ஐந்துக்கும்.
மொத்தம் பதினொரு ஸ்டவ்.
நூல் எட்டோடு தீர்ந்தது.
மற்ற மூன்றுக்கும் ஷூ கயிறு.