பாத்திரம்

முகாமிலிருந்து வந்த படிவத்தில் ஐந்து நிரல்.
பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், தொழில்,
கடைசியாக, பாஸ்காவில் ஏற்கும் பாத்திரம்.

எழுத்து வடிவானது என்று சுவாமி
என்னைப் பிடித்து இருத்திவிட்டார்.
பேதுரு, வலை இழுப்பவர்.
அதில் நடிப்பொன்றும் இல்லை.
பிலாத்து, சங்கக்கடை மனேச்சர்.
பரபாஸ், தொழில் இல்லை; இரண்டு வருசம் புனர்வாழ்வு.
யூதாசுக்கு மட்டும் ஆளில்லை.
தலையாட்டியைக் கண்ட ஊரில்
அந்த அங்கியை யார் போடுவார்?
கடைசியில் கிறேசியன் வந்தான்.
"முப்பது வெள்ளியை உண்மையாத் தருவியளோ சுவாமி,
கூரைக்குத் தகரம் வாங்கலாம்."

இரணைப்பாலைக்குத் திரும்பிய பிறகு முதல் தவக்காலம்.

ஒல்லாந்தன் கோயில்களைப் பூட்டியபோது
மாந்தையிலிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு
வன்னிக் காட்டுக்குள் வந்தது சனம்.
வாசிக்கத் தெரியாதவர்களுக்கு
பாட்டும் ஆட்டமும்தான் வேதாகமம்.
ஆண்டவராக அப்போது ஆள் நடிப்பதில்லை.
உடக்கு. மூட்டு வைத்த மரச்சுரூபம்.
மறைவில் நின்று ஒருவர் கயிறிழுக்க
தலை சாயும், கை விரியும்.

இப்போது ஆண்டவர் றெஜினோல்ட்.
இடது தோளில் இன்னும் எடுக்காத ஒரு துண்டு,
கை நெஞ்சுக்கு மேலே போகாது.
சிலுவையின் பின்னால் நைலோன் கயிறு கட்டி
ஒத்திகையில் இழுத்துப் பார்த்தோம்.
"இன்னும் கொஞ்சம்" என்றான், பல்லைக் கடித்து.

கொப்பி பங்கருக்குள் நனைந்தது.
ஒட்டிய தாள்களைக் கத்தியால் பிரித்ததில்
மறுதலிப்பு முழுதும் போய்விட்டது.
பரவாயில்லை, எடுத்துக் கொடுக்க
நீங்கள் இருக்கிறீர்களே என்றார் சுவாமி.

இருக்கிறேன்.
ஓமந்தையில் கம்பிக்கு இந்தப் பக்கம்
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.
அந்தப் பக்கம் அவர், நெற்றியில் சீலைத்துண்டு.
தெரியுமா?
இல்லையென்று தலையசைத்தேன்.
கேட்டவன் ஒருதரம்தான் கேட்டான்.
சேவல் கூவவில்லை,
அங்கே சேவல் எதுவும் உயிரோடு இருக்கவில்லை.
பஸ் போனது.

பெரிய வெள்ளி இரவு.
படங்கு மறைப்பின் பின்னால் டோர்ச்சுடன் நான்.
எடுத்துக் கொடுப்பவளுக்குப் படிவத்தில் வரி இல்லை.
முன்வாங்கில் இரண்டு சீருடைகள்.
பேதுரு நெருப்பருகே குளிர்காய்கிறார்,
வேலைக்காரி கேட்டுவிட்டாள்,
வசனம் வரவில்லை.

"அந்த மனுசனை நான் அறியேன்."

கேட்கவில்லைப் போல. என் பக்கம் திரும்பினார்.
இன்னொருதரம் சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாய்.