பென்சில் தடம்

காந்தி ரோடு லாட்ஜில் சாவி கொடுப்பவள் நான்.
கல்கத்தாவிலிருந்து ஒன்றரை நாள் ரயிலேறி
நோயின் பெயர் கேட்க வருகிறார்கள்.
எனக்கு ஆஸ்பத்திரி எதிர்ச்சாரி.

அண்ணன் மகனுக்குக் கொடுத்த கேள்வித்தாளைச்
சும்மாதான் வாசித்தேன்.
பதினெட்டு இடத்தில் பென்சில் நின்றது.
நாற்பத்திரண்டு வயதில் யாரிடம் நீட்ட?
திமிர்பிடிச்ச ஜெசிந்தா என்று
ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று.
அழித்தேன். தடம் இருக்கிறது.

இப்போதெல்லாம்
ட்யூப்லைட் இரைந்தால் அணைத்துவிடுகிறேன்.
ஆடி மேளத்துக்குக் காதில் பஞ்சு.
கண்ணுக்குப் பதில் புருவ நடுவைப் பார்க்கிறேன்,
யாருக்கும் தெரிவதில்லை.
சாவிகளை வரிசையாய் மாட்டி,
கலைத்து,
மறுபடி மாட்டுகிறேன்.

நேற்று நூற்றியேழாம் அறை மால்தா அம்மாள்
கவுண்டர் இருட்டில்
ஒன்றும் பேசாமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

நன்றாக இருந்தது.