கீழ்த்தாடை, இடப்பக்கம்

தார்த்துவில் செப்டம்பர் மழை.
குரல் தேர்வு அறையில்
பியானோவை விட்டு எழாமலே அவுனே சொன்னாள்:
வாயைத் திற.
அதே வாக்கியத்தை நான்
காலையிலிருந்து நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
பல் மருத்துவம், மூன்றாம் ஆண்டு.
திறந்த வாய்க்குச் சொந்தக்காரியாக நிற்பது
எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்று சுரங்களை ஒன்றாக அழுத்தி
நடுவில் இருப்பதை மட்டும் பாடச் சொன்னாள்.
மேலே உள்ளது பளிச்சென்று கேட்கும்.
கீழே உள்ளது காலில் அதிரும்.
நடுவில் இருப்பது
பேருந்துக் கூட்டத்தில் நிற்கிற ஆள் மாதிரி,
முகம் காட்டாது.
பாடினேன். தலையைக்கூட அசைக்காமல்
எதையோ எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கதவில் ஒட்டிய தாளில்
என் பெயர் இருந்தது: இரண்டாம் ஆல்ட்டோ.
என்னோடு வந்த ஹெல்வெயின் பெயர் இல்லை.
என்னைவிட நன்றாகப் பாடுகிறவள்.
ஒரு வாரம் சாப்பாட்டுக்கூடத்தில்
வேறு மேசையில் உட்கார்ந்தாள்.
அதைப் பற்றி எழுத
எனக்கு இன்னும் சரியான சொல் அகப்படவில்லை.

முப்பத்திரண்டு பேர் நாங்கள்.
சிரிக்க வேண்டாம், படிமேடையில் அவ்வளவுதான் இடம்.
வட்டமாக நின்று பாடும் செவ்வாய்க்கிழமைகளில்
எனக்கு எதிரே டெனர்கள்.
'ஆ' என்று நீளும் இடத்தில்
மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.
நான் பற்களைப் பார்ப்பேன்.

அப்படித்தான் பார்த்தேன், ஈவோ கெர்ப்பின்
கீழ்த்தாடையில், இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்லில்
கடுகளவு இருட்டு.
நவம்பரில் அது மிளகு.
வலிக்கவில்லையா என்றேன்.
மேல்சுரத்தில் மட்டும், என்றான்.
ஆறடி மூன்றங்குலம்.
உறைந்த ஆற்றின் மேல் சைக்கிள் விடுகிறவன்.
ஊசியென்றால் படியிலேயே திரும்பிப் போகிறவன்.

டிசம்பர் கச்சேரி ஆறு மணிக்கு.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றரைக்கு
எங்கள் மருத்துவக்கூடத்தில் வந்து நின்றான்.
வாயைத் திற என்றேன்.
என்னை முன்பின் தெரியாதவன் போலத் திறந்தான்.
பேராசிரியர் தோளுக்குப் பின்னால் நிற்க
மரத்துப்போகும் ஊசியை நானே போட்டேன்.
துளைக்கும் கருவி எழுப்பிய சுரத்தை
அவன் மூக்கால் பிடித்துக்கொண்டே இருந்தான்,
கொஞ்சம் தாழ்வாக.
நான் திருத்தவில்லை.

ஆறு மணிக்கு, மேடையில்,
அவனுடைய பாதி உதடு இன்னும் ஊர் திரும்பவில்லை.
ப வராது. ம வராது.
நாக்கில் ஒரு பக்கம் வேறு யாருடையதோ.
அவனிடம் உயிர் இருந்தது, மெய் இல்லை.
பக்கத்து டெனர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு
ப-வை இரண்டு பேருக்கும் சேர்த்து வெடித்தான்.
பின்வரிசை பாஸ்கள்
ம-வை ஒரு மயிரிழை முன்னாலேயே தொடங்கினார்கள்.
யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.
மெய்யை நாங்கள் போட்டோம்.
அவன் பாட்டுக்கு அவன்
மூச்சை ஏற்றிக்கொண்டே போனான்.

கடைசிப் பாட்டு 'ஸ்' என்று முடியும்.
மூன்று மாதமாக அந்த ஸ்
டெனர் பக்கத்திலிருந்து அரை நொடி பிந்தி
சக்கரத்தில் காற்று இறங்குவது போல் வரும்.
அவுனே இரண்டு பென்சில் உடைத்திருக்கிறாள்.
அன்று அவள் கை மூடியது.
ஒரே ஸ்.
பல்லால் கடித்து அறுத்த நூல்.
புருவம் உயர்ந்து
டெனர்களை ஒவ்வொருவராகத் தேடினாள்.

ஈவோ வாயைத் திறந்தபடியே நின்றான்,
கடைவாயில் எச்சில் ஒழுகுவது தெரியாமல்.
நான் அடைத்த இடம்
விளக்கில் ஈரமாக மினுங்கியது.
விளிம்பு இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

எட்டாம் வரிசையில் ஹெல்வெ இருந்தாள்.
எழுந்து நின்று தட்டினாளா, கிளம்பத்தான் எழுந்தாளா,
வெளிச்சம் கண்ணைக் கூசியதில் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை
அதே போல் இன்னொரு முறை, என்றாள் அவுனே.
ஸ் அரை நொடி பிந்தி வந்தது.