கிழிய வேண்டிய தையல்

சித்திரை கடைசியில் வந்தது அந்த வண்டி.
இரண்டு கதவு, இரண்டே இருக்கை, நாவல்பழ நிறம்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டிலிருந்து
எங்கள் தகரக் கொட்டகைக்குள் ஏறுவதற்குள்
இரண்டு முறை வயிறு உரசியது.

டேஷ்போர்டின் தோல்
முன்கண்ணாடி ஓரத்தைவிட்டு
பல்லைவிட்டு ஏறிய ஈறுபோல் சுருங்கியிருந்தது.
மேலே எட்டு வெடிப்பு.
ஒன்றில் ஒரு ரூபாய் நாணயம் நிற்கும்,
நிறுத்திப் பார்த்தேன்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
இந்த வேலூருக்கு ஒரு பட்டியல் உண்டு.
நிழலில்லா பார்க்கிங் என்று
நான் ஒன்று சேர்த்திருக்கிறேன்.
பகலில் வெயில் நேராக அடிக்கும்.
பகலெல்லாம் குடித்ததை
ராத்திரி பாறைகள் திருப்பி ஊதும்.
தோலுக்கு இரண்டு ஷிப்டும் வேலை.

“தேங்காயெண்ணெய் போட்டேன்க்கா,
பளபளன்னு இருந்துச்சு” என்றான் பூவேந்தன்.
கிரானைட் வியாபாரம். கல்லுக்கு எண்ணெய் போட்டுப் பழக்கம்.
“அதான் பசை விட்டுப்போச்சு” என்றேன்.

முனவ்வர் பேட்டரி ஒயரைக் கழற்றினான்.
அப்புறம் பத்து நிமிடம் எதையும் தொடக்கூடாது.
உள்ளே மடித்துவைத்த பலூன்
கரண்டை மறக்க வேண்டும்.
டீ குடித்தோம்.
பிறகு உரித்தோம். அடியிலிருந்த பஞ்சு
வறுத்த ரவையாக உதிர்ந்தது.

ஆம்பூரில் பதினோரு வருஷம் ஷூ தைத்தேன்.
தினமும் பத்து ஜோடியை ஒரு இயந்திரம் கவ்வி இழுக்கும்.
நூல் தெறித்தால் மைக்கில் டோக்கன் எண் வரும்:
அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு.
நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.
தாங்கு, தாங்கு என்று
நூலுக்குச் சொல்லிச் சொல்லியே
விரல் இப்படி ஆகிவிட்டது.

ராணிப்பேட்டைத் தோல், ஒரு மில்லிமீட்டர் கனம்.
சூடுகாட்டி வளைவில் இழுத்து ஒட்டினேன்.
எல்லாம் ஒரே நாளில் முடிந்தது, ஒரு கோடு தவிர.

இடது இருக்கைக்கு முன்னால் இரண்டு சாண் நீளம்.
அந்தக் கோடு மட்டும் தாங்கக்கூடாது.
அடித்தோலைச் சீவ வேண்டும்,
அதற்கென்றே விற்கும் சோனி நூலைக் கோர்க்க வேண்டும்,
இமை மூடித் திறப்பதற்குள்
பலூன் கிழித்துக்கொண்டு வர வழிவிட வேண்டும்.
அதுவரை மற்றத் தையல்போலவே
சிரித்த முகமாக இருக்க வேண்டும்.

மாதிரிக்கு ஒன்று தைத்து இழுத்தேன். தாங்கியது.
இரண்டாவதும் தாங்கியது.
மூன்றாவதைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன்,
சனியன், தாங்கியது.
நான்காவது
பட்டென்று வாய் பிளந்தது.
முனவ்வர் கைதட்டினான்.

பூவேந்தன் வந்து விரலால் நெருடினான்.
“இங்க இன்னொரு வரிசை ஓட்டுங்கக்கா,
ஸ்ட்ராங்கா இருக்கட்டும்.”
“இது ஸ்ட்ராங்கா இருந்தா
பக்கத்துல உட்கார்றவங்க இருக்கமாட்டாங்க.”

அவன் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் வந்தது.
பித்தளைப் பிள்ளையார். அடியில் ஒட்டும் டேப்.
சரியாக அந்தக் கோட்டின் நடுவில் வைத்துப் பார்த்தான்.
“அங்க வேணாம் சார்” என்றான் முனவ்வர்.
“ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா
சாமிதான் முதல்ல மூஞ்சிக்கு வரும்.”
சிரித்தான் பூவேந்தன்.
அப்புறம் பிள்ளையாரைக் கையிலேயே வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் நின்றான்.
மீட்டருக்குப் பின்னால் ஓரமாக இடம் கொடுத்தோம்.

பளபளப்பு ஏன் இல்லை என்று கேட்டான்.
சாயங்காலம் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது
பளபளப்பு எழுந்து கண்ணாடியில் நிற்கும்,
ரோடு தெரியாது என்றேன்.
நிறுத்தினால் கண்ணாடிக்கு மறைப்பு.
முதலில் ஈரத்துணி, உடனே உலர்துணி.
எண்ணெய் தலைக்கு மட்டும்.

நான்காவது மாதிரி
பில் புத்தகத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது,
கிழிந்த வாயோடு.
வருகிறவர்கள் ஏதோ பாழாய்ப்போன துண்டு என்று நினைக்கிறார்கள்.
நினைக்கட்டும்.

வண்டி காட்பாடிப் பக்கம் திரும்பியபோது
எட்டிப் பார்த்தேன்.
இடது இருக்கையில் அவன் டிபன் கேரியர்,
பெல்ட் போட்டு.