பதினொண்டு

புருவங்களுக்கு நடுவே எனக்கு இரண்டு கோடு,
யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியது போல.
பத்தாம் வகுப்பு வைத்த பட்டம்: பதினொண்டு ரீச்சர்.
எனக்குத் தெரியாதென்று நினைத்திருந்தார்கள்.
கழிவறைக் கதவில் இலக்கமாகவே எழுதியிருந்தது.

ஆரியகுளம் சந்திக்குக் கிட்ட,
போன் கடைக்கு மேல்மாடி.
மாதத்தில் ஒரு சனி கொழும்பிலிருந்து வரும் டொக்டர்
"ஒருக்கா கோவப்படுங்கோ அன்ரி" என்றாள்.
உடனே வந்தது, அன்ரி என்றதற்கு.
பேனையால் ஐந்து புள்ளி வைத்தாள்.

அதற்கு முன்பே தாதிப் பிள்ளை
ஸ்பிரிட் பஞ்சால் என் பொட்டைத் துடைத்திருந்தாள்.
ஒரே இழுப்பு. குளிர்.
குலசிங்கம் அந்நேரம் கீழே,
வீதிக்கு அந்தப் பக்கம், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து
ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்.
ஜன்னலால் எட்டிப் பார்த்து
உறுதிப்படுத்திக்கொண்டு வந்து படுத்தேன்.

ஐந்து குத்து. நுளம்புக் கடியளவு.
நடுப்புள்ளி மட்டும், பொட்டு இருந்த இடம்,
கண்ணில் தண்ணீரைக் கொண்டுவந்தது.
இரண்டு மாதச் சீட்டுக் காசு.

நாலு மணித்தியாலம் படுக்கக் கூடாது,
தடவக் கூடாது, நெற்றியை அமத்தக் கூடாது.
"அப்ப ஹெல்மெட்?"
டொக்டர் யோசித்தாள்.
கொழும்பில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லைப் போல.
என் ஹெல்மெட் குலசிங்கத்தின் கையில் தொங்கிக்கொண்டு முன்னே போக
நான் ஆட்டோவில் பின்னே போனேன்.
"பல்லுப் பிடுங்கினதுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்னப்பா?"
அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

எட்டாம் நாள், தர்மிகா.
மூன்று நாள் வரவில்லை. காய்ச்சலாம்.
கடிதத்தில் தாயின் கையெழுத்தைத் தானே போட்டிருந்தாள்,
அதுவும் வடிவாக.
முறைத்தேன்.
உள்ளே கயிறை இழுக்கிறேன், மணி அடிக்கவில்லை.
அவள் என் நெற்றியையே பார்த்தபடி நின்றாள்,
வரவேண்டிய பஸ்ஸைப் பார்ப்பது போல.
வரவில்லை.
பிறகு சொன்னாள்:
"காய்ச்சல் இல்லை ரீச்சர். அப்பா வந்தவர்.
நாங்கள் சித்தி வீட்டிலை ஒளிச்சிருந்தனாங்கள்."

நான் நல்லவளாகிவிடவில்லை.
நெற்றி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.
இருபது வருஷமாக இந்தக் கோடுகளுக்கு முன்னால்
எத்தனை காய்ச்சல் கடிதம் வந்திருக்கும்,
எல்லாவற்றிலும் சிவப்பு மையால் சரி போட்டிருப்பேன்
என்று மட்டும் கணக்குப் பார்த்தேன். பிடிபடவில்லை.

சத்தியபாமா ரீச்சரின் மாமியின் செத்தவீட்டில்
உண்மையாகத்தான் அழுதேன்.
மெழுகிவிட்ட நெற்றிக்குக் கீழே
கண்ணீர் தனியாக நின்று வேலை பார்த்தது.
"கல்லு மாதிரி நிக்கிறா, பாத்தியே" என்று பின்னால் ஒரு குரல்.
திரும்பி முறைக்கவும் வழியில்லை.

நாலாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடிய
குளியலறைக் கண்ணாடியில் இடப்பக்கத்துக் கோடு
திரும்பி வந்திருந்தது. மற்றதைக் காணவில்லை.
பதினொண்டில் ஒண்டு.
போனில் கிளினிக்காரரின் செய்தி:
நாளைக்கு டொக்டர் வாறா, நேரம் பதியவோ?

தர்மிகா இரண்டு நாளாக வரவில்லை.
இந்த முறை கடிதமும் இல்லை.

பொட்டை வைத்தேன், கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி.
பள்ளிக்கூடம் தொடங்கமுன்
மானிப்பாய்ப் பக்கம் ஒரு சித்தி வீட்டைத் தேடவேண்டும்.
ஹெல்மெட்டை எடுத்து
நெற்றியில் நன்றாக அமத்திப் போட்டேன்.